உச்ச நீதிமன்றம் ஊருக்கு வரட்டும்

விழாத் தலைவர், நம் வழக்கறிஞர் சங்கத்தின் மூத்தவர் அவர்களே. அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே. சட்டக் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே. பந்தல் போட்ட தம்பிகள் வரை அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அம்மையார் என் ஜூனியராக இருந்தவர் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். அந்த நாட்களில் எனக்குத் தீர்ப்புகளைத் தேடிக் கொடுத்தவரே அவர்தான்.

ஆங்கிலம் பேசும் நாடுகளின் நீதிமன்றங்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அமைப்பு, நீதிபதி நியமனம், ஜூரி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில் அமைப்பு. பிரிட்டனிலேயே ஒரே அமைப்பு கிடையாது. இங்கிலாந்தும் வேல்ஸும் ஒன்று, ஸ்காட்லாந்து தனி, வட அயர்லாந்து தனி. மேலே லண்டனில் உச்ச நீதிமன்றம். அதுவும் 2009இல் வந்ததுதான். அதுவரை நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் இருந்த நீதிபதிகள், அதாவது சட்டப் பிரபுக்களே, கடைசி மேல்முறையீட்டைக் கேட்டார்கள். ஸ்காட்லாந்தின் சாதாரணக் குற்ற வழக்கு இன்றும் லண்டன் போகாது, எடின்பரோவில் முடிந்துவிடும். அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, மத்திய நீதிமன்றங்கள் தனி. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எல்லா வழக்குக்கும் உச்சி ஒன்றுதான். நாமும் இந்த வகை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பலம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டெல்லியில் இருந்தால் வசதி உள்ளவன் சொல்லே ஏறாது!

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். அங்கே உச்சியில் இருப்பது ஹைகோர்ட். 1903இல் மூன்று நீதிபதிகளோடு தொடங்கினார்கள். அவர்களில் எட்மண்ட் பார்ட்டன், நாட்டின் முதல் பிரதமர். அந்தப் பதவியை விட்டுவிட்டு நீதிபதியாக வந்தவர். மூவரும் மாநிலத் தலைநகரங்களுக்குப் போய் வழக்குக் கேட்டார்கள். பெர்த்துக்குக் கிழக்கிலிருந்து ரயில் வந்ததே 1917இல்தான், அதனால் கப்பல் பயணம். அட்டர்னி ஜெனரல், அதாவது அங்கே சட்டத் துறையைப் பார்க்கும் அமைச்சர், ஜோசியா சைமன் கணக்குப் பார்த்தார். இத்தனை பயணப்படி எதற்கு, மெல்போர்னிலேயே உட்காருங்கள் என்றார். தலைமை நீதிபதி சாமுவேல் கிரிஃபித் விடுவாரா? நீதிமன்றம் மக்களிடம் போக வேண்டும் என்று பதில் எழுதினார். கடிதத்துக்கு மேல் கடிதம். சிட்னியில் சட்டப் புத்தகம் அடுக்க அலமாரி கேட்டதில் ஒரு சண்டை, தொலைபேசிச் செலவில் இன்னொன்று. கடைசியில், 1905இல், மெல்போர்ன் அமர்வையே நீதிபதிகள் ஒத்திவைத்துவிட்டார்கள். நீதிபதிகள் செய்த வேலைநிறுத்தம் ஐயா! அதற்குள் ஆட்சி மாறியது. புதிய அட்டர்னி ஜெனரல் ஐசக் ஐசக்ஸ் நீதிபதிகளோடு சமாதானமாகப் போனார். மறு ஆண்டே அவரும் அதே நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், மாவட்ட நீதிபதி ஐயா சிரிக்கிறார்.

கான்பெராவில் 1980இல் கட்டடம் திறந்த பிறகும், வழக்கு இருந்தால் பெர்த்துக்கும் பிரிஸ்பேனுக்கும் போகிறார்கள். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2017இல் எடின்பரோவில் அமர்ந்தது, மறு ஆண்டு பெல்ஃபாஸ்ட், அடுத்து கார்டிஃப். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2019இல் வின்னிபெக் போனது.

நம் அரசமைப்பின் 130ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, உச்ச நீதிமன்றம் அமரத் தலைமை நீதிபதி டெல்லிக்கு வெளியேயும் இடம் குறிக்கலாம். சட்ட ஆணையமும் 2009இல், தன் 229ஆம் அறிக்கையில், தெற்குக்கு ஓர் அமர்வு வேண்டும் என்றது. காணொலியில் வாதாடலாமே என்கிறார்கள். சரி, டெல்லியில் மூத்த வழக்கறிஞரை அமர்த்தும் செலவைக் காணொலி குறைத்துவிட்டதா? மதுரைக் கிளை 2004இல் வந்தது. உயர் நீதிமன்றம் ஒன்றும் உடைந்துபோகவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாவிட்டால், அம்பலம் இறங்கி வரட்டுமே!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். நியமனமும் ஜூரியும் இன்னொரு நாளைக்கு. சென்னையில் அமர்வு கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. மாவட்ட நீதிபதி ஐயா பதவியில் இருப்பதால் அவரைக் கேட்கக் கூடாது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் சாப்பிடப் போகலாம். நன்றி, வணக்கம்.