பிளாஸ்டிக் சர்ஜரிக்கு முன்னால் சிகரெட்டை ஏன் விடச் சொல்கிறார்கள்?

வணக்கம் மக்களே. நான் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் டிரெஸ்ஸிங் பார்க்கும் நர்ஸ். என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "வயித்துத் தோலைக் குறைக்கத்தானே ஆபரேஷன், நுரையீரல்லயா பண்றாங்க? அதுக்கு ஏன் சிஸ்டர் ஒரு மாசம் முன்னாடியே சிகரெட்டை விடச் சொல்றாங்க?"

நியாயமான கேள்விதான். மயக்க மருந்து, சளி, இருமல் என்று எல்லா ஆபரேஷனுக்கும் பொதுவான காரணங்கள் உண்டு. அவற்றை உங்களுக்கு மயக்க மருந்து டாக்டரே சொல்லிவிடுவார். பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

தொப்பைத் தோலைக் குறைக்கும் ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் சேர்த்து, கீழே இருக்கும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்துத் தூக்குவார்கள். தசையைத் துளைத்துக்கொண்டு வந்து தோலுக்கு ரத்தம் கொடுத்த சின்னச் சின்னக் குழாய்களில் பல அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் தொங்கும் தோலை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழே இழுத்துத் தைப்பார்கள். இனி அந்தத் தோலுக்குப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும்தான் ரத்தம் வந்தாக வேண்டும். தையலின் நடுப்பகுதி இருக்கிறதே, அதுதான் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே?

இந்த நிலையில் ஒருவர் புகைத்தால் என்ன ஆகும்? நிக்கோட்டின் அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதாவது வருகிற ரத்தமும் குறைவு, அதில் இருக்கும் ஆக்சிஜனும் குறைவு. போதாததற்கு ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கப் பார்க்கும். மற்ற நேரத்தில் உடம்பு இதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடும். பாதி ரத்தக்குழாய் வெட்டுப்பட்ட தோலால் சமாளிக்க முடியாது.

கட்டைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது தையல் ஓரத்தின் நிறத்தை. விரலால் லேசாக அழுத்திவிட்டு எடுப்பேன். வெளுத்த இடம் இரண்டு மூன்று வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பினால் நிம்மதி. நம்முடைய மாநிறத்தில், கருநிறத்தில் இது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்றும் பார்ப்போம். ரத்தம் போகாத தோல் சில்லென்று இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் அது கத்தரிப்பூ நிறமாகி, கொப்புளம் கட்டி, கடைசியில் கறுத்துக் காய்ந்து கெட்டியாகிவிடும். செத்த தோலுக்கு மருந்து கிடையாது. வெட்டி எடுத்துவிட்டு, திறந்த புண்ணுக்கு வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டியதுதான். அழகாக இருக்க வேண்டும் என்று செய்துகொண்ட இடத்தில் அகலமான தழும்பு நிற்கும். டாக்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி, சுருங்கிப்போன குழாய்க்குள் அவரால் ரத்தத்தை ஊற்ற முடியாது.

முகச் சுருக்கத்தை நீக்கும் ஆபரேஷனில் காதுக்குப் பின்னால் இருக்கும் தோலுக்கு இதே ஆபத்து. 1984-லேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, புகைப்பவர்களுக்கு அங்கே தோல் அழுகும் வாய்ப்பு 12 மடங்கு அதிகம் என்றது. மார்பகத்தைச் சிறிதாக்கும் ஆபரேஷனில் காம்பையே இழக்க நேரிடலாம். மச்சம் எடுப்பது போன்ற சின்ன வேலைகளில் தோலைப் பெரிதாகப் பிரிப்பதில்லை, அதனால் பயமும் குறைவு.

எத்தனை நாள் விட வேண்டும்? ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 4 வாரம், பின்னும் 4 வாரம் என்பதுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வது. 4 வாரமோ அதற்கும் முன்போ விட்டவர்களுக்குச் சிக்கல் குறைவு என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொன்னது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் புண் ஆறும் சக்தி திரும்ப வாரங்கள் ஆகும். "பத்தை ரெண்டா குறைச்சிட்டேன் சிஸ்டர்" என்பார்கள். குறைத்தது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த இரண்டும் குழாயைச் சுருக்கத்தான் செய்யும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. டாக்டர் "ஸ்மோக் பண்ணுவீங்களா?" என்று கேட்கும்போது பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் மாமியார் இருப்பார். யார் "ஆமாம்" என்று சொல்வார்கள்? இருபத்தைந்து வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டு "இல்லை" என்பான். தயவுசெய்து, "டாக்டர், உங்ககிட்ட தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நீங்கள் சொல்வதை நாங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம். சில இடங்களில் சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடம்புக்குள் போய் மாறும் பொருள்) பரிசோதனை செய்வார்கள். சில நாள் முன்பு உபயோகித்த நிக்கோட்டினையும் அது காட்டிவிடும். அதற்குப் பயந்து இல்லை, உங்கள் தோலுக்காகச் சொல்லுங்கள்.

பாட்டிமார்களிடம் கேட்டால், "பீடி சிகரெட்டா? சீ!" என்பார்கள். வாயில் வெற்றிலையோடு புகையிலை இருக்கும். மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, ஹூக்கா எல்லாவற்றிலும் நிக்கோட்டின் இருக்கிறது. இ-சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019-லேயே தடை வந்துவிட்டது, இருந்தும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் உதவியோடு விட நினைக்கிறவர்கள், அதிலும் நிக்கோட்டின் இருப்பதால், எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்று உங்கள் சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீக்காயம், விபத்து, புற்றுநோய் என்றால் நான்கு வாரம் காத்திருக்க முடியாது. "இன்னும் சிகரெட்டை விடல, அப்புறம் போறேன்" என்று அந்த ஆபரேஷன்களைத் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே விடுங்கள், அதற்கும் பலன் உண்டு. மெஷினில் துண்டான விரலை ஒட்டவைக்கும்போது டாக்டர்கள் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைக்கும் ரத்தக்குழாய் 1 மில்லிமீட்டர் அளவுதான். வார்டுக்கு வெளியே போய் ஒரு தம் அடித்துவிட்டு வந்தால் அந்த விரலே போய்விடலாம். பார்க்க வருகிறவர்களும் பக்கத்தில் நின்று புகைக்காதீர்கள்.

அழகுக்கான ஆபரேஷனாக இருந்து, தேதி நெருங்கியும் விட முடியவில்லை என்றால் போன் செய்து உண்மையைச் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். தனியாக விடுவது கஷ்டமாக இருந்தால் 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். தமிழிலும் பேசுவார்கள். உங்கள் ஆபரேஷன் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி வழி சொல்வார்கள்.