இணைய ரவுட்டரில் பிரைவேட் ஐபி: பிங் போகும், படம் போகாது

[திரையில்: ட்ரேஸ்ரூட் ஓடுகிறது]

வணக்கம். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு வீடு. டர்பனில் இருக்கும் சித்தப்பாவுக்காகத் தைப்பூசக் காவடிப் படங்களை அங்குள்ள ஒரு சர்வரில் ஏற்றுகிறார்கள். பிங் அடித்தால், அதாவது 'இருக்கிறாயா?' என்று ஒரு சிறு தரவுத் துண்டை (பாக்கெட்) அனுப்பிப் பார்த்தால், பதில் வருகிறது. லாகின் பக்கமும் திறக்கிறது. படத்தை ஏற்றினால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. எல்லாரும் முதலில் வைஃபையைத்தான் திட்டுவோம். கோளாறோ, வழியில் இருக்கும் ஒரு ரவுட்டரின் முகவரியில் இருக்கலாம்.

பாக்கெட் போகும் வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டுவது ட்ரேஸ்ரூட். அதில் முதல் வரி 192.168.1.1. அது வீட்டு ரவுட்டர், அங்கே பிரைவேட் முகவரி, அதாவது உள்நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் முகவரி, இருப்பதுதான் முறை. நடுவில் ஒரு வரியில் மூன்று நட்சத்திரம்: பதில் வரவில்லை என்று பொருள். பதில் சொல்லாதபடி அமைத்த ரவுட்டரும் இப்படித்தான் தெரியும். ஆனால் அந்த ரவுட்டரின் லிங்க்குக்கு, அதாவது அடுத்த ரவுட்டரோடு சேரும் இணைப்புக்கு, 10-இல் தொடங்கும் பிரைவேட் முகவரி கொடுத்திருந்தாலும் இதே நட்சத்திரம்தான்.

காரணம் இது. பாக்கெட்டைக் கடத்திவிட ரவுட்டரின் சொந்த முகவரி தேவையில்லை. பிழையைத் தெரிவிக்க அது தானாக ஐசிஎம்பி செய்தி அனுப்பும்போதுதான் அனுப்புநர் இடத்தில் அந்த முகவரி ஏறுகிறது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணத்தின்படி 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று முகவரித் தொகுதிகளும் உள்நெட்வொர்க்குக்கு மட்டும். வெளியிலிருந்து அந்த முகவரியோடு வருவதை எல்லை ஃபில்டர் தூக்கிப் போட்டுவிடும். ஃபில்டர் செய்வது சரியான வேலை.

நட்சத்திரம் வந்தால் வரட்டும் என்று விடலாம். படம் நிற்பதை அப்படி விட முடியாது. உங்கள் கணினி 1500 பைட் பாக்கெட்டைத் 'துண்டாக்காதே' குறியோடு அனுப்புகிறது. வழியில் ஜிஆர்ஈ டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் பாதை) இருந்தால் 1476 பைட்தான் நுழையும். 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்று ரவுட்டர் சொல்லும் அந்தச் செய்திதான் ஃபில்டரில் சாகிறது. விஷயம் தெரியாத கணினி அதே 1500-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

[திரையில்: பிங் சோதனை]

பிங்கில் துண்டாக்காத குறி போட்டு அளவை ஏற்றிப் பாருங்கள். இந்த டனல் வழியே 1448 வரை பதில் வரும். தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1476. 1449-இல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் டைம் அவுட். அங்கேதான் செய்தி தொலைகிறது.

'பப்ளிக் ஐபி கிடைப்பதே பாடு' என்பார்கள். உண்மைதான். ஆப்பிரிக்காவுக்கே முகவரி வழங்கும் ஆஃப்ரினிக் நம் மொரீஷியஸின் எபேனில்தான் இருக்கிறது. 2020 முதல் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,024 முகவரிதான் தருகிறது. இருந்தும், அதற்காக ரவுட்டர் லிங்க்குகளுக்குப் பிரைவேட் முகவரி போடும் இந்தச் சிக்கனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. /31 என்ற மிகச் சின்னத் தொகுதியைப் போட்டால் ஒரு லிங்க்குக்கு இரண்டே முகவரி. அதுவும் கட்டாது என்றால், ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் லூப்பேக் என்ற கற்பனை இடைமுகத்துக்கு ஒரு பப்ளிக் முகவரி கொடுத்து லிங்க்குகளை அன்நம்பர்டாக, அதாவது தனி முகவரி இல்லாமல், விடுங்கள். ரவுட்டருக்கு ஒன்று போதும். முகவரியை மாற்றாமல் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) குறைப்பது டிசிபி வகைப் போக்குவரத்துக்கு மட்டுமே கைகொடுக்கும், யுடிபி வகைக்கு உதவாது.

மாற்றிய பிறகு, வேறொரு நெட்வொர்க்கிலிருந்து அந்த 1449 பிங்கை மறுபடி அடியுங்கள். இந்த முறை 'துண்டாக்க வேண்டும்' என்ற பதில் ரவுட்டரின் பப்ளிக் முகவரியிலிருந்து வர வேண்டும்.