உடையைக் கொடுத்தேன், கருவியைக் கொடுக்க மாட்டேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"புகழ்பெற்ற இசைக்கலைஞர்களின் கருவிகளும் மேடை உடைகளும் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிப் பெட்டியா, கலைஞர் கையா?" இதுதான் தலைப்பு. பெட்டிதான் என்று எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேனின் ஸ்வெட்டரைப் பற்றி அவ்வளவு உருக்கம். 1993-ல் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சியில் அவர் போட்டிருந்த அந்த மங்கிய பச்சை ஸ்வெட்டர் 2019-ல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. துவைக்கவே இல்லை. கறை இருக்கிறது, சிகரெட் சுட்ட ஓட்டையும் இருக்கிறது. "அந்த ஓட்டைதான் ஐயா வரலாறு" என்றார்.

சரி, ஸ்வெட்டரை அவரே வைத்துக்கொள்ளட்டும். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். உடை ஒருவர் உடம்போடு பழகியது. இன்னொருவர் எடுத்து மாட்டினால் அது வேஷம். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் துணி இருக்கும் இடத்தில் பொதுவாக 50 லக்ஸ் அளவுக்கே, அதாவது மங்கலாகவே, விளக்குப் போடுகிறார்கள். மணியும் ஜிகினாவும் வைத்துத் தைத்த மேடை உடையைச் சும்மா ஹேங்கரில் தொங்கவிட்டால்கூட அதன் கனமே தோள்பக்கத்தைக் கிழித்துவிடும். ஆகவே உடை உள்ளேயே இருக்கட்டும். பாதித் தலைப்பை விட்டுக்கொடுத்துவிட்டேன், எங்கள் அணித் தலைவர் முறைக்கிறார்.

ஆனால் கருவியை விட மாட்டேன்.

கிட்டாரைச் சுவரில் மாட்டும் இந்த மோகம் எப்படிப் பரவியது தெரியுமா? 1971-ல் லண்டனில் ஹார்ட் ராக் கஃபே என்ற உணவகத்தைத் திறந்தார்கள். அங்கே வாடிக்கையாக வருகிற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், 1979-ல், தான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு மேலே தன் கிட்டார் ஒன்றை மாட்டச் சொன்னார். நம் மொழியில் சொன்னால், துண்டு போட்டு இடம் பிடித்தார்! சில நாளில் இன்னொரு ராக் கிட்டார் கலைஞரான பீட் டவுன்ஷெண்டிடமிருந்து இன்னொரு கிட்டார் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சீட்டு: என்னுடையதும் அவருடையதுக்குக் குறைந்ததல்ல, அன்புடன், பீட். இரண்டு பேரின் குறும்பில் தொடங்கியதை எதிரணியினர் கோயில் கருவறை ஆக்கிவிட்டார்கள்.

நான் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் ஒரு கிட்டார், பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினேன். அந்தக் கிட்டாரில் வாசித்த பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. கிட்டார் நிற்கிறது, ஸ்பீக்கர் பாடுகிறது. சொந்தக் கல்யாணத்துக்கே விருந்தாளியாக வந்தவர் மாதிரி நின்றது அது.

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1716-ல் ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தயாரிப்பாளர் செய்த வயலின் ஒன்று இருக்கிறது. பெயர் 'மெசையா', அதாவது மீட்பர். பெயர் வந்த கதை இது. அதை வைத்திருந்த வணிகர் போகுமிடமெல்லாம் அதன் புகழ் பாடுவாராம், ஆனால் ஒருநாளும் கொண்டுவந்து காட்ட மாட்டாராம். கேட்டுச் சலித்த ஒரு வயலின் கலைஞர், "உங்கள் வயலின் மீட்பர் மாதிரிதான், எப்போதும் காத்திருக்கிறோம், வருவதே இல்லை" என்றாராம். இன்றைக்கும் அது புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. கேட்டவர்தான் அபூர்வம்.

வாசிக்காத வயலினின் நாதம் தூங்கிவிடும் என்று வயலின்காரர்கள் சொல்வதுண்டு. அறிவியல் அதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை. ஆனால் பூட்டியே கிடக்கும் பியானோவுக்குள் சுத்தியல்களில் ஒட்டிய கம்பளி ஃபெல்ட்டை அந்துப்பூச்சி தின்பதை நீங்களே திறந்து பார்க்கலாம்.

ஓட்டைக்கு வருகிறேன். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் வாங்கிய கிட்டாருக்கு 'ட்ரிக்கர்' என்று பெயர் வைத்தார். அது நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார். விரலால் மீட்டுவதற்கென்று செய்தது, ஆகையால் மரத்தைக் காக்கும் தகடு கிடையாது. இவரோ பிக் வைத்து, அதாவது தந்தி மீட்டும் சின்னச் சில்லு வைத்து வாசித்தார். வருடக்கணக்கில் உரசி உரசி, நடு ஓட்டைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது ஓட்டை விழுந்துவிட்டது. மரம் தேய்ந்து, உள்ளே எட்டிப் பார்க்கலாம். அதோடுதான் மேடை ஏறினார். எதிரணித் தலைவரே, சிகரெட் போட்ட ஓட்டைக்கு உருகுகிறீர்கள், இது பாட்டு போட்ட ஓட்டை. அன்றே வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் இது விழுந்திருக்குமா?

"கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள்" என்று அடுத்துப் பேசியவர் பயமுறுத்தினார். 2015-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்கு மார்ட்டின் என்ற கிட்டார் நிறுவனத்தின் அருங்காட்சியகம் 1870-களின் கிட்டார் ஒன்றை இரவல் கொடுத்தது, நடிகர் அதை அடித்து நொறுக்கினார் என்றார். உண்மைதான், எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். உடைக்க வேண்டியது நகலை. மாற்றிக் கொடுக்க மறந்ததால் போனது அது, வாசித்ததால் போகவில்லை.

ஒழுங்காகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலிய வயலின் மேதை பகனினி ஒருகாலத்தில் வைத்திருந்த இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, அதைவிடப் பெரிய செல்லோ ஒன்று, நான்கும் ஸ்ட்ராடிவாரி செய்தவை, இப்போது ஜப்பானின் நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷனிடம் இருக்கின்றன. அவர்கள் அவற்றை நால்வர் குழுக்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறார்கள். டோக்கியோ குவார்டெட் என்ற நால்வர் குழு 1995 முதல் 2013 வரை அவற்றில்தான் வாசித்தது.

அதே பகனினியின் 'பீரங்கி' வயலின், 1743-ல் குவார்னேரி என்ற இன்னொரு இத்தாலியத் தயாரிப்பாளர் செய்தது. என்றென்றும் பாதுகாக்க வேண்டும் என்று சொந்த ஊரான ஜெனோவாவுக்கு எழுதி வைத்தார். எதிரணிக்குச் சாதகமான உயில்! ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பாதுகாக்கிறார்கள், அவ்வப்போது தகுதியானவர் கையிலும் கொடுக்கிறார்கள். பகனினி பெயரில் நடக்கும் வயலின் போட்டியில் வென்றவர்கள் வாசிக்கிறார்கள். 2001-ல் ரெஜினா கார்ட்டர் என்ற ஜாஸ் கலைஞர் வாசிக்க வந்தபோது, இந்த வயலினில் ஜாஸா என்று முணுமுணுப்பு எழுந்தது. வாசித்தார். வயலினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். அதையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். வணக்கம்.