ஊரை வளர்ப்பது வரைபடமா, வண்டிலா?

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கிற சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு நகரத்தை வளர்ப்பது மேலிருந்து வரும் திட்டமா, தெருவிலிருந்து எழும் முயற்சியா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னர் பேசிய அண்ணர் திட்டத்தின் பக்கம் நின்று பொரிந்து தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். நம் திருகோணமலையின் சீனன்குடா மாவு ஆலையைச் சொன்னார், சீமெந்து ஆலையைச் சொன்னார், துறைமுகத்தைச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வியும் போட்டார். "ரோட்டோரம் வண்டில் வைத்திருப்பவரிடம் பதிவு இருக்கிறதா? அவர் வரி கட்டுகிறாரா? சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஒன்றை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?"

வரிக்குக் கடைசியில் வருகிறேன். மாவு ஆலையை முதலில் முடித்துவிடலாம். நாற்பது வருடத்துக்கு மேலாக அங்கே கோதுமை அரைபடுகிறது. எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாவை யாரும் மாவாகவே தின்பதில்லையே, ஐயா. அதை ரொட்டியாக்கி, கொத்தாக்கி, பின்னேரம் நம் கையில் சுடச்சுடத் தருவது அண்ணர் சொன்ன அந்தப் பதிவில்லாத வண்டில்தான். கை தட்டாதீர்கள், என் நேரம் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சட்டம் என்பது ஒன்று, நியாயம் என்று ஊர் ஒத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும் நாளும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் நாளும் உண்டு. இதை நான் மட்டும் சொல்லவில்லை. இத்தாலோ பார்டோ என்ற மானிடவியலாளர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துச் சாதாரண சனத்தோடு வருடக்கணக்காகப் பழகிவிட்டு இதைத்தான் எழுதினார். சட்டப்படி சரியானது எல்லாம் சனத்துக்கு நியாயமாகப் படுவதில்லை, சனம் நியாயம் என்று ஏற்பதெல்லாம் சட்டத்தில் இருப்பதுமில்லை. நேப்பிள்ஸும் ஒரு துறைமுக ஊர். நமக்குச் சொந்தக்காரர் மாதிரித்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? வாடைக் காற்று ஓய்ந்து கடல் படுத்திருக்கும் மாதங்களில் நிலாவெளிப் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கரைவலை இழுப்பார்கள். அந்தக் கரையில் வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை. ஆனாலும் இந்தத் தென்னைக்கும் அந்தத் தோணிக்கும் இடையில் யாருடைய பாடு, அதாவது யார் வலை இழுக்கும் இடம் என்று கரையில் நிற்கிற சின்னப் பையனுக்கும் தெரியும். வலை முதலாளியான சம்மாட்டியுடையது, இழுப்பவர்களுக்குப் பங்கு. யார் முந்தி வலை வளைப்பது என்பதற்கு முறை இருக்கிறது. வழியால் போன வயதான மனுசி ஒருத்தி கயிற்றில் கை வைத்து நாலு இழுவை இழுத்தால் அவளுக்கும் கறிக்கு மீன் உண்டு. எண்ணிப் பார்த்துக் கொடுப்பதில்லை, அள்ளித்தான் போடுவார்கள். கடற்றொழில் திணைக்களம் அனுமதிப்பத்திரத்தோடு வந்தபோது ஏற்கெனவே இருந்த பாடுகளைத்தான் பதிந்துகொண்டது. அங்கே நியாயம் முன்னால் போனது, சட்டம் பின்னால் வந்தது.

அப்புறம் சீட்டு. எங்கள் ஒழுங்கையில் பத்துப் பெண்கள், மாதம் ஆளுக்கு ஐயாயிரம். முதல் சீட்டு அதை நடத்துகிறவருக்கு, மற்றதெல்லாம் குலுக்கல். பக்கத்து வீட்டு மகளுக்குச் சாமத்திய வீடு வந்துவிட்டால், தனக்கு விழுந்த சீட்டை மாற்றிக் கொடுக்கிற மாமியும் அங்கேதான் இருக்கிறார். என் அம்மா இடியப்பத் தட்டுகளும் பெரிய அவிக்கும் பானையும் வாங்கியது ஏழாவது சீட்டில். எங்கள் காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, அரசாங்கம் தந்த பெர்மிட்தான். அதைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தால் முகாமையாளர் மரியாதையாகத் தேத்தண்ணி தருவார், கடன் தரமாட்டார். சீட்டில் யாரும் அம்மாவிடம் உறுதி கேட்கவில்லை. காலை நாலு மணிக்கு எங்கள் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சீட்டுக்கென்றே இந்த நாட்டில் 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி பதிந்த ஒரு சீட்டை நான் எங்கள் ஒழுங்கையில் கண்டதே இல்லை. சட்டம் இருக்கிறது, சீட்டும் நடக்கிறது. இருவரும் சந்தித்ததில்லை.

1960களில் கீத் ஹார்ட் என்ற ஆய்வாளர் கானா நாட்டின் அக்ரா நகரத்தில், நீமா என்ற ஏழைக் குடியிருப்பில் போய்த் தங்கினார். அரசாங்கக் கணக்கில் வேலையில்லாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் அங்கே ஒரே நாளில் இரண்டு மூன்று தொழில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறைசாராத் துறை என்று இன்று பொருளியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதும் சொல் அவர் கண்டதிலிருந்துதான் பரவியது. எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடிப்பதில்லை. கரைவலையிலும் சீட்டிலும் இருப்பது முறைதானே! அது கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான் குறை.

முயற்சி என்றாலே நியாயம் என்று நான் சாதிக்க வரவில்லை, ஐயா. அண்ணருக்கு முந்தி நானே என் பக்கத்து ஓட்டையைக் காட்டிவிடுகிறேன். நோர்வே நாட்டு மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் சூடானின் டார்பூர் மலைநாட்டில் பார்த்த கதை இது. அங்கே ஃபூர் மக்களிடையே கூலிக்கு வேலை செய்வது வெட்கம். வீடு கட்ட வேண்டுமா, தானியத்தில் ஒரு பானம் காய்ச்சி அயலைக் கூப்பிட வேண்டும். எல்லோரும் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுக் குடித்துவிட்டுப் போவார்கள். இன்று எனக்கு, நாளைக்கு உனக்கு. வெளியிலிருந்து ஓர் அராபிய வியாபாரி வந்தார். மலிவாகத் தானியம் வாங்கினார், பானம் காய்ச்சினார், ஆட்களைக் கூப்பிட்டார். ஆனால் செய்வித்தது தக்காளிப் பயிர்ச்செய்கை. தக்காளியைச் சந்தையில் காசுக்கு விற்று நல்ல லாபம் பார்த்தார். அயலுக்கு உதவ வந்த கை, தனக்கே தெரியாமல் கூலிக் கையாகிவிட்டது. கெட்டிக்காரர்தான். முயற்சியாளர் என்றால் இப்படித்தான், ஒன்றோடொன்று சேராத இரண்டு கணக்குகளைச் சேர்த்து நடுவில் லாபம் காண்பவர். அது நியாயமா என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன்.

நம் ஊரிலும் அவருக்குத் தம்பிமார் உண்டு. கழுத்தை நெரிக்கிற வட்டிக்கு விடுகிறவர் இருக்கிறார். நடைபாதை முழுவதையும் அடைத்துச் சாமான் பரப்பி, தள்ளுநாற்காலியில் வருகிறவரை பஸ் ஓடுகிற ரோட்டில் இறக்கி விடுகிற கடைக்காரரும் இருக்கிறார். ஆனால் இவர்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். நாளைக்கு முகத்துக்கு நேரே கேட்கலாம். கேட்டும் திருந்தாவிட்டால் அந்தப் பக்கம் போகாமல் விடலாம். வரைபடம் போட்டவரை எங்கே தேடிப் போய்க் கேட்பது?

சுனாமி வந்த பிறகு கரையோரம் கட்டத் தடை என்று அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலைப் பார்த்துத் தொழில் செய்கிறவன் வள்ளத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு எப்படிக் கண் மூடுவான் என்று வரைபடத்தில் கோடு கீறியவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அந்தக் கோட்டை அவர்களே தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை குடும்பம் கூடாரத்தில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தது!

மூதூர்ப் பக்கத்துச் சம்பூரைச் சொல்கிறேன். 2006இல் யுத்தத்தால் சனம் வெளியேறியது. அங்கே அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். 2016இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. ஒரு பிள்ளை பிறந்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் காலம் அது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் தெரியும்தானே? வெள்ளைக்காரன் கட்டியது, இன்று மிஞ்சி நிற்பது 99. எவ்வளவு பெரிய திட்டம்! வெள்ளைக்காரன் போன பிறகு அவற்றில் பெரும்பாலானவை பற்றைக்குள் நின்றதுதான் மிச்சம். 2022இலும் அதில் 61 தாங்கிகளை எப்படி அபிவிருத்தி செய்வது என்று புதிதாக ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் தாங்கிகள் சும்மா நின்ற காலத்தில் இந்த ஊரில் யாரும் சும்மா நிற்கவில்லை. யுத்தத்திலும் பிட்டு அவிந்தது.

திட்டமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வடிகாலும் குடிநீரும் வண்டிலில் வராது. நாலு மணிக்கு எரிகிற அடுப்புகளைக் கணக்கில் எடுக்காத திட்டம் எவ்வளவு முத்திரை குத்தி வந்தாலும், ஊர் அதைத் தன்னுடையது என்று சொல்லாது என்கிறேன். ஊர் சொல்லாத வரைக்கும் அது கடதாசிதான்.

மணி அடிக்கப் போகிறது. அண்ணர் கேட்ட வரி.

என் அம்மா ஒரு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினொரு வருடம் இடியப்பமும் பிட்டும் விற்றார். எந்த ஊர், எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு காலையும் ஒருவர் புத்தகத்தோடு வருவார். காசை வாங்கிக்கொண்டு ஒரு துண்டு கிழித்துக் கொடுப்பார், மெல்லிய ரோசா நிறக் கடதாசி. அம்மா சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, கொக்கி மாதிரி ஆக்கி, அதில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தார். மழைத்தண்ணி பட்டதும் உண்டு, சொதி பட்டதும் உண்டு. ஒருநாள், நகரத்தை அழகுபடுத்துகிறோம், இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று கடிதம் வந்தது. அம்மா அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நானும் பக்கத்தில் நின்றேன், எனக்குப் பதினாலு வயது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நீங்கள் தந்த காசுக்குத்தான் அம்மா துண்டு. நீங்கள் இருந்த இடத்துக்கு இல்லை."

நடுவர் ஐயா, அந்தக் கம்பி இதோ. கனமாகத்தான் இருக்கும், கவனமாகப் பிடியுங்கள். தீர்ப்புச் சொல்லும்வரை உங்கள் மேசையில் இருக்கட்டும்.