சந்தேகங்களுக்கு விளக்கம்: நாள் பார்ப்பதை மருத்துவமனையில் சொல்லித் தரலாமா?

வணக்கம். வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "மாத்திரையும் வேண்டாம், காப்பர்-டியும் வேண்டாம் என்று சொல்லும் பெண்களுக்கு இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்லித் தரலாமா? பிறகு கரு தங்கிவிட்டால் எங்களைத்தானே கேட்பார்கள்?"

தாராளமாகச் சொல்லித் தரலாம். அந்தப் பெண்களில் பலர் நம்மிடம் சொல்லாமல், கரு தங்கும் நாள் எது, தங்காத நாள் எது என்று ஏற்கெனவே நாள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதுவும் தவறான கணக்கில். என்னிடம் வந்த ஒரு பெண், வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரைச் செல்பேசியில் படமெடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் அவர் வட்டமிட்டிருந்தது உதிரம் பட்ட நாளை அல்ல, நான்காம் நாள் தலைக்குக் குளித்த நாளை. ஆகவே உறவைத் தவிர்க்கத் தொடங்க வேண்டிய 8ஆம் நாள் என்று அவர் எண்ணியது உண்மையில் 11ஆம் நாள். அதற்கு முந்தைய மூன்று நாட்களை அவர் ஆபத்தில்லாத நாட்களாகவே நினைத்திருந்தார். எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், அம்மா?" என்பதுதான்.

எல்லா முறைகளையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். நிலையான நாட்கள் முறையிலிருந்து தொடங்குங்கள். மாதவிடாய்ச் சுழற்சி 26 முதல் 32 நாட்களுக்குள் அமையும் பெண்கள், உதிரம் பட்ட முதல் நாளை 1 என்று கொண்டு, 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும் அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். கருமுட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும் என்றாலும், விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும் என்பதாலும், முட்டை வெளிப்படும் நாள் மாதத்துக்கு மாதம் சற்று முன்பின்னாகும் என்பதாலும்தான் இத்தனை நாட்களை ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்டில் இரண்டு முறை சுழற்சி இந்த வரம்பைத் தாண்டினால், அவருக்கு இம்முறை பொருந்தாது. பிரசவமான கையோடும், அந்தரா கருத்தடை ஊசியை நிறுத்திய உடனேயும் இதைத் தொடங்கக் கூடாது.

கருப்பை வாயிலிருந்து வரும் சளியின் தன்மையைக் கவனிக்கும் முறை நம் ஊரில் சற்றுக் கடினம். முட்டையின் வெள்ளைக்கரு போல் வழுவழுப்பாக, இழுத்தால் நீளும் கசிவு கருத்தரிக்கும் நாட்களின் அடையாளம். ஆனால் வெள்ளைப்படுதல் என்றாலே உடம்பு உருகிப் போகிறது என்று அஞ்சி வளர்ந்த பெண்களுக்கு, துர்நாற்றமும் அரிப்பும் இல்லாத கசிவு நோயல்ல என்று புரியவைக்கவே ஒரு முழுச் சந்திப்பு ஆகிவிடும். காலையில் எழுந்தவுடன் உடல் வெப்பத்தை அளக்கும் முறையை, இரவுப் பணிக்குச் செல்பவர்களுக்குப் பரிந்துரைக்கவே வேண்டாம்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு வேறு கணக்கு. குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால், அதுவே ஏறக்குறைய 98 விழுக்காடு பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறைக்கு மாற வேண்டும்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். நாட்கள் முறையைப் பிசகாமல் பின்பற்றினால் ஓர் ஆண்டில் 100 பேரில் 5 பேருக்கும், நடைமுறையில் 12 பேருக்கும் கரு தங்கலாம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே கணவன் மனைவி இருவரிடமும் சொல்லி, சொன்னதை அட்டையில் எழுதிவிடுங்கள். பால்வினை நோயிலிருந்தும் எச்.ஐ.வி.யிலிருந்தும் இது காக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கணவர் வரவே மாட்டார் என்றாலோ, வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டில் அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று தெரிந்தாலோ, தயவுசெய்து இம்முறையைத் தராதீர்கள். 12 நாட்கள் விலகியிருக்கும் முடிவு அவர் கையில் இல்லாதபோது நாம் தரும் கணக்கு அவருக்கு எதற்கும் உதவாது. ஊசி, காப்பர்-டி பற்றிய அவருடைய பயம் என்னவென்று கேட்டு, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

மற்றவர்களுக்கு நிரோத் ஆணுறைகளையும் கையோடு கொடுத்து, அடுத்த மாதம் தங்கள் காலண்டரை எடுத்து வரச் சொல்லுங்கள். வட்டம் எந்த நாளில் விழுந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.