சொல்லாமல் வைத்துக்கொண்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. அடுத்த பத்துப் பதினொரு ஆண்டுகளில், அந்தப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்களைப் பற்றிய நாவல்களும் சிறுகதைகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அடுத்தடுத்து வெளிவந்தன. குடி, ஊர்சுற்றல், எதிலும் பற்றில்லாமை ஆகியவையே அந்தத் தலைமுறையின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. நாடு, வீரம், தியாகம் ஆகியவற்றின் மீது அந்த ஆண்கள் வைத்திருந்த நம்பிக்கை போர்க்களத்திலேயே போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் ஆண்மகன் அழக் கூடாது, அச்சத்தை வெளியில் காட்டக் கூடாது, வலியைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே ஊட்டப்பட்ட விதி அந்த நம்பிக்கையோடு சேர்ந்து போய்விடவில்லை. எந்த நம்பிக்கைக்காக அந்த விதியைக் கடைப்பிடித்தார்களோ அது பொய்த்துப் போன பின்னும், விதி மட்டும் அவர்களை விடாமல் பிடித்திருந்தது. இந்தக் கதைகளின் துயரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

எரிக் மரியா ரெமார்க் எழுதி 1929-இல் நூலாக வந்த ‘மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி’ என்ற ஜெர்மன் நாவலில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவர்கள் அனைவரையும் படையில் சேரத் தூண்டுகிறார். தயங்கிய மாணவன் ஒருவனும், கோழை என்ற பெயருக்கு அஞ்சிக் கடைசியில் மற்றவர்களோடு போய்ச் சேர்கிறான். முதலில் இறந்தவர்களில் அவனும் ஒருவன். நாவலின் நாயகன் பால் பாய்மர் விடுப்பில் வீடு திரும்பும் பகுதியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். சீருடையைக் கழற்றிவிட்டுப் பழைய உடையை அணிந்து பார்க்கிறான். படையில் இருந்த காலத்தில் உடல் வளர்ந்துவிட்டதால் அது இறுக்கிப் பிடிக்கிறது. தந்தையோ, மகன் சீருடையிலேயே வந்தால் தெரிந்தவர்களிடம் பெருமையாகக் காட்டலாமே என்று ஏங்குகிறார்; போர்முனையைப் பற்றிச் சொல்லச் சொல்லி விடாமல் கேட்கிறார். மகனால் சொல்ல முடியவில்லை. அங்கே கண்டதைச் சொற்களில் கொண்டுவந்துவிட்டால், பிறகு அதை அடக்கியாள முடியாமல் போய்விடும் என்று அஞ்சுகிறான். இறந்துபோன நண்பனின் தாயைப் பார்க்கச் செல்லும்போது, அவன் வலியே தெரியாமல் அந்த நொடியிலேயே உயிர்விட்டான் என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். உண்மையில், கால் வெட்டப்பட்ட நிலையில் அந்த நண்பன் மெல்ல மெல்ல இறந்ததை அருகில் இருந்து பார்த்தவனே அவன்தான்.

தோற்ற நாட்டின் கதை இது. வென்ற தரப்பிலும் நிலைமை வேறாக இல்லை. எர்னெஸ்ட் ஹெமிங்வே 1925-இல் வெளியிட்ட ‘சோல்ஜர்ஸ் ஹோம்’ என்ற சிறுகதையில், கிரெப்ஸ் என்ற அமெரிக்க இளைஞன் ஓக்லஹோமாவில் உள்ள தன் ஊருக்கு 1919-இன் கோடையில் திரும்புகிறான். வரவேற்பெல்லாம் ஓய்ந்த பிறகு, காலந்தாழ்த்தி வந்து சேர்ந்தவன் அவன். போரைப் பற்றிய கொடூரக் கதைகளை ஊரார் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டதால், நடந்ததை நடந்தபடி சொன்னால் காது கொடுப்பார் யாரும் இல்லை. ஆகவே பொய் சொல்கிறான். சொன்ன பிறகு, தான் உண்மையாகவே செய்த நல்ல காரியங்கள்கூட அவனுக்கு அருவருப்பாகிவிடுகின்றன. காலை உணவின்போது தாய் அவனிடம் வேலை, எதிர்காலம், ஆண்டவன் என்று பேசிக்கொண்டே போகிறாள். அவனோ தட்டில் பன்றி இறைச்சியின் கொழுப்பு ஆறி உறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தாயிடம் அன்பு இல்லையா என்ற கேள்விக்கு இல்லை என்கிறான். யார் மீதும் தனக்கு அன்பில்லை என்கிறான். அவள் அழத் தொடங்கியதும், அப்படிச் சொல்ல நினைக்கவில்லை என்று மாற்றிப் பேசுகிறான். அந்த வீட்டில் அவன் உள்ளபடி பேசிய ஒரே இடம் அதுதான். அதையும் உடனே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதே எழுத்தாளரின் ‘த சன் ஆல்ஸோ ரைசஸ்’ 1926-இல் வந்தது. அதன் கதைசொல்லி ஜேக் பார்ன்ஸ், பாரிசில் செய்தியாளராக இருக்கும் அமெரிக்கன். இத்தாலியப் போர்முனையில் பட்ட காயம் அவனைத் தாம்பத்தியத்துக்கு இயலாதவனாக்கிவிட்டது. உயிரைவிட மேலானதைக் கொடுத்துவிட்டாய் என்று மருத்துவமனையில் ஓர் அதிகாரி அவனிடம் சொல்லும் பாராட்டை, வேடிக்கைக் கதைபோலவே அவன் நம்மிடம் சொல்கிறான். பகலில் எதையும் கல்லாக நின்று தாங்குவது எளிது, இரவில் அப்படியில்லை என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறான். அவனுடைய நண்பர் கூட்டத்தில் எல்லோராலும் வெறுக்கப்படுபவன் ராபர்ட் கோன். கோன் ஒரு யூதன். அவனைப் பற்றி அந்த நாவலில் வரும் பேச்சில் யூத வெறுப்பு வெளிப்படையாக இருக்கிறது. நாவல் அதிலிருந்து போதிய அளவு விலகி நிற்கவில்லை என்றே நான் கருதுகிறேன். அதோடு, போருக்குப் போகாத அவன் தன் காதலை மறைக்கத் தெரியாதவன். விரும்பிய பெண்ணின் பின்னாலேயே வருகிறான், அடித்துவிட்டு அழுகிறான், மன்னிக்கும்படி கெஞ்சுகிறான். மற்ற ஆண்களும் அதே பெண்ணை நினைத்துத் துன்பப்படுகிறவர்கள்தாம். தாங்கள் அடக்கி வைத்ததை அவன் வெளிப்படையாகச் செய்வதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பெண், பிரெட் ஆஷ்லி, போரில் செவிலியாகப் பணி செய்தவள். அவளுடைய திருமணம் பற்றி ஒரு சில வரிகள் மட்டுமே நாவலில் வருகின்றன; அவற்றையும் வேறோர் ஆண் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறான். கடற்படையிலிருந்து திரும்பிய கணவன் கட்டிலில் படுக்க மறுத்து, அவளையும் தரையில் படுக்க வைத்தான். கொன்றுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்தான். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு உறங்கினான். ஸ்பெயின் நாட்டுத் திருவிழாவுக்கும் காளைப் போருக்கும் அத்தனை பக்கங்களைக் கொடுத்த நாவல், இதற்குச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆண்களின் மௌனத்துக்கான விலையில் பெரும் பங்கை வீட்டில் இருந்த பெண்கள் கொடுத்தார்கள் என்பதற்கு அந்தச் சில வரிகளே சாட்சி. பிரெட்டை நிலையில்லாதவள் என்று எளிதாகக் குறை சொல்லும் வாசகர்கள், அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படிக்க வேண்டும்.

இந்தப் பொருளை இவர்கள் எல்லோரையும்விடத் துல்லியமாக எழுதியவர் போர்முனையைப் பார்க்காத வர்ஜீனியா வுல்ஃப். 1925-இல் வந்த ‘மிசஸ் டாலோவே’ நாவலின் செப்டிமஸ், படையில் முதல் ஆட்களோடு சேர்ந்து பதவி உயர்வும் பெற்றவன். தன் நெருங்கிய தோழனான அதிகாரி இறந்தபோது, தனக்குப் பெரிதாகத் துயரம் எதுவும் தோன்றவில்லை என்று தன்னையே மெச்சிக்கொள்கிறான். ஆண்மை என்று அவனுக்குச் சொல்லித் தரப்பட்டது அதுதான். அதை அவன் சரியாகவே கற்றுக்கொண்டான். போர் முடிந்ததும், இனி எதையும் உணரவே முடியாது என்ற பெரும் பீதி அவனைப் பற்றிக்கொள்கிறது. மருத்துவர்களில் ஒருவர், உனக்கு ஒரு நோயும் இல்லை, வெளியில் எதிலாவது அக்கறை காட்டு என்கிறார். இன்னொருவர், மனைவியைப் பிரித்து ஓய்வு இல்லத்தில் அடைக்க உத்தரவிடுகிறார். மனைவி ரேசியா மட்டும், ஒன்றும் புரியாவிட்டாலும், அவன் அருகிலேயே அமர்ந்திருக்கிறாள். இருவரும் சேர்ந்து ஒரு தொப்பிக்கு அலங்காரம் செய்து, வெகு நாள்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்கும் அந்தப் பிற்பகலில்தான் முதல் மருத்துவர் படியேறி வருகிறார். அவரிடம் அகப்படாமல் இருக்கச் செப்டிமஸ் சன்னலிலிருந்து குதித்து இறக்கிறான். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த மருத்துவர் சொல்லும் சொல், கோழை. அன்றிரவு நடக்கும் விருந்தில், அவனை ஓய்வு இல்லத்துக்கு அனுப்பவிருந்த மற்ற மருத்துவர், போர் அதிர்ச்சியின் பிந்திய விளைவுகளுக்குச் சட்ட முன்வரைவில் இடம் வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.