குடம் இடுப்புல, பாரம் ஜவ்வுல

(காட்சி: தண்டையார்பேட்டையில ஒரு சந்து. தண்ணி லாரிக்குப் பின்னாடி பிளாஸ்டிக் குடங்கள் வரிசை.)

முதல்ல தண்ணி பிடிச்ச அக்கா குடத்தை இடுப்புல ஏத்திக்கிட்டு நடக்கறாங்க. உடம்பு எதிர்ப்பக்கமா சாஞ்சே போகுது, பாத்தீங்களா? ஏன்னு ஒரு கணக்கு போடுவோம்.

(காட்சி: முதுகெலும்பு நடுவுல நிக்கிற தராசு.)

15 லிட்டர்னா 15 கிலோ. குடத்தோட நடுப்பகுதி முதுகெலும்புல இருந்து சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. அது உடம்பைக் கவுக்கப் பாக்குது. கவுந்துடாம மறுபக்கத் தசை இழுத்துப் பிடிக்கணும். ஆனா அந்தத் தசை எலும்புக்கு 5 சென்டிமீட்டர் பக்கத்துலயே இருக்கு. அதனால அஞ்சு மடங்கு இழுக்கணும்: 75 கிலோ. குடமும் தசையும் சேர்ந்து இடுப்பு ஜவ்வு மேல, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை மேல, இறக்கறது 90 கிலோ! அக்கா சாயறது இதைக் குறைக்கத்தான். யாரும் சொல்லித்தரல.

அதே தண்ணிய ரெண்டு வாளியில பாதிப் பாதியா எடுத்தா, கூடுதல் பாரம் கிட்டத்தட்ட 15 கிலோவோட நின்னுடும். தோராயக் கணக்குதான். வீட்டுல ரெண்டு வாளி காலியா இருக்கான்னு பயோமெக்கானிக்ஸ், அதாவது உடம்போட பாரக் கணக்கு, கேக்காது, அது வேற விஷயம்.

கழுத்துலயும் இதே தராசுதான். தலை சுமார் 5 கிலோ. வரிசையில நின்னு போனைக் குனிஞ்சு பாத்தா, தலை முன்னாடி போயிடுது, பின்கழுத்துத் தசை இழுக்குது. 60 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல 27 கிலோன்னு 2014-ல ஹன்ஸ்ராஜ்ங்கிற அமெரிக்க டாக்டர் கணினியில ஒரு மாடல் வச்சுக் கணக்கு சொன்னார். ஆளு கழுத்துல அளந்தது இல்லைங்க, அதையும் சொல்லணும்.

(காட்சி: ரெண்டு எலும்புக்கு நடுவுல ஜவ்வு.)

பெரியவங்க ஜவ்வுக்குள்ள ரத்தக்குழாய் அனேகமா கிடையாது. பகல்ல அமுங்கித் தண்ணிய விடும், ராத்திரி படுத்தா உறிஞ்சிக்கும். காலைல நாம கொஞ்சம் உயரமா இருக்கறது இதனாலதான். வயசாக ஆக ஜவ்வு வறண்டு தட்டையாகுது. கட்டியிருந்த நார்கள் தளர்ந்து, எலும்பு ஆட ஆரம்பிக்கும். சாயற சுவருக்கு முட்டுக் கொடுக்கற மாதிரி, உடம்பு ஓரத்துல புது எலும்பை வளக்கும். ரிப்போர்ட்ல 'எலும்பு வளந்திருக்கு'ன்னு பாத்து பயப்படறோமே, அதுதான் இது. கழுத்துல அது நரம்பு வர்ற ஓட்டையை அடைச்சாதான் கை வரைக்கும் குடையும். ஸ்கேன்ல தேய்மானம் இருந்தும் வலியே இல்லாதவங்க ஏராளம்.

அதனால வைத்தியமும் பாரத்தை எங்க மாத்தறதுங்கற கேள்விதான். தாடையை உள்ள இழுக்கற பயிற்சி கழுத்தோட ஆழத் தசைக்கு வேலை கொடுக்குது. காலர் பட்டை கொஞ்ச நாளைக்கு சரி. மாசக்கணக்கா போட்டா தசை சோம்பேறியாயிடும். ரெண்டு எலும்பை ஸ்க்ரூ போட்டு ஒட்டினா அந்த இடம் ஆடாது, ஆனா மேலயும் கீழயும் இருக்கற ஜவ்வு கூடுதலா வேலை பாக்கணும். அதைக் குறைக்கத்தான் சிலருக்கு அசையற செயற்கை ஜவ்வு வைக்கறாங்க. எல்லாருக்கும் பொருந்தாது.

(காட்சி: சட்டைப் பட்டன் போடத் தடுமாறும் விரல்கள்.)

பட்டன் போட முடியல, நடை தள்ளாடுது, சிறுநீர் அடக்க முடியலன்னா கழுத்துத் தண்டுவடம் நசுங்குதுன்னு சந்தேகம். தைலம் தேய்ச்சிப் பாக்கறதை விட்டுட்டு அன்னைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.